ஓரியின் மானை யார் இழுத்து வந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். நவம்பரில் விஸ்கான்சின் வழியாகக் காரில் போன அன்பர், சுட்ட மானைக் குப்பை மூட்டை மாதிரி தரதரவென்று இழுத்து வந்து வண்டியில் வீசுகிறார்கள், கேட்க நாதியில்லை என்று எழுதியிருந்தார். அது போகட்டும், ஓடுகிற காரிலிருந்து தெரிந்ததை எழுதினார். ஆனால் கடைசிப் பத்தியில் நம்மவர்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்த மாதத்தில் அங்கே போகிறவர்கள் வேட்டைக்காரர்களிடம் பேரம் பேசி மான்கறி மலிவாக வாங்கலாமாம். வாங்கினால் வழக்கு வரும். விஸ்கான்சினில் காட்டு மானின் இறைச்சியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், பண்டமாற்றாகக் கொடுத்து வாங்குவதும் குற்றம். அன்பளிப்பாகக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். ஓட்டலில் தட்டில் வருவது பண்ணை மான். அதில் நிறைய நியூசிலாந்திலிருந்து வருவது.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கல்யாணமாகி வந்த நாள் முதலாகத் தென்மேற்கு விஸ்கான்சினில், மவுண்ட் ஹோரெப் பக்கம் குடியிருக்கிறோம். வருஷம் முழுக்க நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. நவம்பர் வந்தால் அதில் ஒரு இறைச்சிக் கடை முதலாளி, "கணக்கை அப்புறம் பார்க்கலாம், பின்கதவில் வந்து நில்லுங்கள்" என்பார். மான்கள் இறங்குவது பின்கதவில்தான். யார் பெயர், பதிவு எண் என்ன, தொடையை முழுசாக வைப்பதா, சாசேஜுக்கு அரைப்பதா, எல்லாம் எழுதிச் சீட்டுக் கட்ட வேண்டும். ஆகவே சுடும் இடத்தைவிட, சுட்ட மான் வந்து சேரும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் வல்வில் ஓரியைப் பற்றிப் படித்திருப்போம். ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து கடைசியில் உடும்பில் போய்த் தைத்தது. கொல்லிமலைச் சரிவிலிருந்து அந்த ஐந்தையும் யார் இழுத்து வந்தார்கள் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. துப்பாக்கி வெடிக்க ஒரு நொடி. அதற்குப் பிறகு நடக்கிற அரைநாள் வேலையில்தான் இங்கே சட்டமும் இருக்கிறது, மானம் மரியாதையும் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் பார்த்தது அந்த அரைநாளின் கடைசி இரண்டு நிமிஷத்தை.

பக்கத்துப் பால்பண்ணைத் தாத்தாவின் பேத்திக்கு அப்போது பதினாலு வயது. நவம்பரில் வரும் நன்றி நவிலும் பண்டிகை நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைக் காலம். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்ஸ் எடுத்துக் காட்டுக்குள் இருப்பார்கள். அந்தப் பெண் ஓக் மரச் சரிவில் ஒரு பெட்டைமானைச் சுட்டுவிட்டாள். இழுக்க ஆள் போதவில்லை என்று தாத்தா போன் செய்தார், போனேன்.

மான் விழுந்த இடத்தில் முதலில் தாத்தா தொப்பியைக் கழற்றினார். பேத்தியும் கழற்றினாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே, "தொப்பியைப் போடு, போடு" என்று அவசரப்படுத்தினார். காரணம் இருக்கிறது. இடுப்புக்கு மேல் போட்டிருக்கும் உடையில் பாதியாவது, தலையில் ஏதாவது அணிந்தால் அதிலும் பாதியாவது, கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். 2016-லிருந்து அதே மாதிரி பளபளக்கும் பிங்க்கும் செல்லும். பேத்தி போட்டிருந்தது பிங்க். மானைத் தோளில் தூக்கி வருவது பழைய படங்களில் பார்க்க நன்றாக இருக்கும். காட்டில் அப்படி நடந்தால் மான்தான் நடக்கிறது என்று இன்னொருவன் குறி பார்ப்பான். அதனால் இழுத்துத்தான் வரவேண்டும், இழுத்து வரும் மானின் கழுத்திலும் ஆரஞ்சுத் துணி ஒன்றைச் சுற்றுவார்கள். குப்பை மூட்டைக்கு யாரும் துணி சுற்றுவதில்லை.

குடலை அங்கேயே எடுத்தாக வேண்டும். தாமதித்தால் உடம்புச் சூட்டிலேயே கறி கெடும். தாத்தா கத்தியைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு, பின்னங்காலின் உட்பக்கம் மூட்டருகே கருத்துக் கிடந்த மயிர்த்திட்டைக் காட்டினார். அங்கே ஒரு சுரப்பி இருக்கிறது. அதைத் தொட்ட கையோடு கறியைத் தொட்டால் நாற்றம் ஏறிவிடும். கத்தியின் முதுகு வயிற்றுக்குள்ளும் கூர் வெளிப்பக்கமுமாக வைத்துத் தோலைக் கீறினாள். குடலோ மூத்திரப்பையோ கிழியக்கூடாது. அப்புறம் முழங்கை வரை உள்ளே விட்டு மூச்சுக்குழாயைத் தேடி அறுத்தாள். எல்லாம் ஒரே இழுப்பில் வெளியே வந்தது. குளிரில் ஆவி பறந்தது. ஈரலையும் இதயத்தையும் தாத்தா ஒரு ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிரவு வெங்காயத்தோடு வதக்கித் தின்பது அந்த வீட்டுப் பழக்கம். வேறு வீடுகளில் முதல் மான் சுட்ட பிள்ளையின் கன்னத்தில் ரத்தம் தடவுவார்கள். குறி தப்பினவனின் சட்டை வாலை வெட்டி, வேட்டைக் குடிலின் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுகிற குடும்பங்களும் உண்டு.

இழுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னங்கால்களைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, மூக்கில் ஒரு சுருக்குப் போட்டு, தலை முன்னால் வரும்படி இழுக்க வேண்டும். மயிர் தலையிலிருந்து வால் பக்கம் சாய்ந்திருப்பதால் வழுக்கிக்கொண்டு வரும். காலைப் பிடித்து வால் பக்கமாக இழுத்தால் மயிர் எதிர்த்து நிற்கும், இலையும் மண்ணும் வயிற்றுக்குள் போகும். கயிறு குட்டையாக இருக்க வேண்டும். தலையும் தோளும் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் பாரம் குறையும். கயிற்றின் நுனியில் கைப்பிடிக்கு ஒரு குச்சி. பனி இருந்தால் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற பிளாஸ்டிக் ஸ்லெட், இல்லையென்றால் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி. சொந்த நிலத்தில் நாலு சக்கர மோட்டார் வண்டியைக் கொண்டுபோகலாம். அரசு நிலத்தில் வண்டிக்கென்று விட்ட பாதையைத் தாண்டி அதை ஓட்ட முடியாது. சுட்டவர்தான் முதலில் இழுக்க வேண்டும் என்பது எழுதாத விதி. பேத்தி மூச்சு வாங்க வாங்க இழுத்தாள், பிறகு நான் ஒரு பக்கம் பிடித்தேன். தாத்தாவின் நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பதால் டாக்டர் இழுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். வருஷம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு இந்த ஒரு நாளில் மலைச்சரிவில் மான் இழுத்து மாரடைப்பில் விழுகிறவர்கள் உண்டு என்பதை இங்குள்ள இதய மருத்துவர்கள் வருஷாவருஷம் நினைவுபடுத்துகிறார்கள்.

கட்டுரையாளர் கேட்க நாதியில்லை என்று எழுதிய இடத்தில், வேலியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அடிபட்ட மான் விழும் இடத்தை நாம் தீர்மானிக்க முடியாது. கம்பிவேலி தாண்டிப் பக்கத்துக்காரன் நிலத்தில் போய் விழுந்தால், "என் குண்டு, என் மான்" என்று உள்ளே போகச் சட்டம் இடம் தரவில்லை. நிலத்துக்காரர் அனுமதிக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். வனக் காவலர்கூட அவரை வற்புறுத்த முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் மான் கிடக்க, இந்தப் பக்கம் நின்று சிகாகோவிலிருக்கும் நில உரிமையாளருக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்த ஆட்களை எனக்குத் தெரியும். நல்ல வேட்டைக்காரர்கள் அதனால்தான் கோடையிலேயே ஒரு நடை போய், பக்கத்து நிலக்காரர்களைப் பார்த்துப் பேசி, நம்பர் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அனுமதி கொடுத்தவர் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குள் ஒரு பொட்டலம் சாசேஜ் போய்ச் சேரும். ஊரில் கிடாவெட்டில் தலை யாருக்கு, தொடை யாருக்கு என்று கேட்காமலே கூறு பிரிவது போலத்தான்.

அடுத்தது பதிவு. மான் கைக்குக் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் மாநில இயற்கை வளத் துறையிடம் பதிந்துவிட வேண்டும். பேத்தி தொழுவத்து வாசலில் நின்றபடியே போனில் பதிந்து, உறுதி எண்ணைத் தாத்தாவின் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். இந்த வசதி எல்லாருக்கும் வந்தது 2015-ல். அதற்கு முன்பு மானையே வண்டியில் ஏற்றிக்கொண்டு பதிவு நிலையத்துக்குப் போக வேண்டும். நிலையம் என்றால் பெரும்பாலும் ஊர் மதுக்கடை, பெட்ரோல் பங்க். வரிசையாக வண்டிகள், பின்பலகையில் மான்கள், அண்டை அயல் எல்லாம் கூடி நின்று கொம்பை எண்ணுவது, பொய் சொல்வது. கிழவர்கள் இன்னும் அதை நினைத்து ஏங்குகிறார்கள். போனில் பதிவது சட்டத்துக்குச் சரி, ஊருக்குப் போதாது என்பது என் கட்சி.

வண்டிக் கூரையில் மானைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போவதெல்லாம் அந்தக் காலத்தோடு ஏறக்குறைய போய்விட்டது. இப்போது பெரும்பாலோர் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வருகிறார்கள். வேட்டையைப் பிடிக்காத கண்ணுக்கும் அந்தச் சாலை சொந்தம் என்று வேட்டைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். மூடாதவர்களும் உண்டு. கட்டுரையாளர் கண்ணில் பட்டது அவர்கள்தான்.

எங்கள் பக்கத்தில் இதையெல்லாம்விடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. 2001 நவம்பரில் மவுண்ட் ஹோரெப் அருகே சுட்ட மூன்று மான்களில் ஒரு நோய் இருந்தது 2002 பிப்ரவரியில் தெரிய வந்தது. மான்களின் மூளையைச் சல்லடையாக்கிக் கொல்லும் நோய். மாட்டுக்கு வந்த பைத்திய நோயின் சொந்தக்காரன். 1967-ல் கொலராடோவில் முதலில் கண்டது, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முதன்முதலாக எங்கள் ஊரில்தான் தலைகாட்டியது. காரணம் கிருமியல்ல, உருக்குலைந்த ஒரு புரதம். கொதிக்க வைத்தாலும் சாகாது, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை நிரூபணமில்லை. இருந்தாலும் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை.

அதற்குப் பிறகு மானை வீட்டுக்குக் கொண்டுபோவதே வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் புரதம் அதிகம் தங்குவது மூளை, முதுகுத்தண்டு, கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகளில். ஆகவே நோய் உள்ள மாவட்டத்தில் சுட்ட மானை முழுசாக அந்த மாவட்டத்துக்குள்ளும், அதுபோல நோய் பட்டியலில் இருக்கும் மற்ற மாவட்டங்களுக்குள்ளும்தான் கொண்டுபோகலாம். அதற்கு வெளியே என்றால் பதிந்த 72 மணி நேரத்துக்குள் லைசென்ஸ் உள்ள இறைச்சிக் கடையிலோ மான் தலையைப் பதப்படுத்திப் பாடம் செய்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். எலும்பு நீக்கிய கறி, தலையும் முதுகெலும்பும் ஒட்டாத தொடை, சுத்தமாக்கிய கொம்பு, தோல் இவற்றுக்குத் தடையில்லை. பின்கதவில் ஒருமுறை ஒருவர் வண்டியை நிறுத்தி, ஐஸ் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். வீடு மினசோட்டாவில். முழு மான் பின்னால் கிடக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெளிமாநில மானை முழுசாகக் கொண்டுபோகவே கூடாது என்று முதலாளி சொன்னதும் மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் வெட்டுக்காரர் அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு, அரைமணி நேரத்தில் தொடைகளையும் முதுகுக் கறியையும் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். முதுகெலும்பு எங்கள் தொட்டியில் விழுந்தது.

இந்த நோய்ப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. சாலையோரத்தில் குடிசை மாதிரி ஒரு பெட்டி இருக்கும். கழுத்தில் சில அங்குலம் சேர்த்துத் தலையை அறுத்து, பையில் கட்டி, படிவத்தை நிரப்பி அங்கே வைத்துவிட்டுப் போகலாம். முடிவு வரச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதுவரை கறி உறைபெட்டியில் பெயரோடும் எண்ணோடும் காத்திருக்கும். நோய் என்று வந்தால் அத்தனையும் குப்பைமேட்டுக்கு. சதை கழித்த எலும்பையும் கண்ட இடத்தில் வீசக்கூடாது என்பதற்காக, ஊர்க்காரர்களும் சங்கங்களும் முறை எடுத்துக்கொண்டு பெரிய இரும்புத் தொட்டிகளை வைக்கிறார்கள்.

இங்கேயுள்ள நம் குடும்பங்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அலுவலகத்தில் யாராவது அன்போடு மான்கறிப் பொட்டலம் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே எந்த மாவட்டத்து மான், சோதனை முடிவு வந்ததா என்று கேளுங்கள். நல்ல வேட்டைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பலர் நாம் கேட்குமுன் சொல்வார்கள். கடையில் வெட்டினது என்றால் அவர் மானைத் தனியாக அரைத்தார்களா, பல மான்களைக் கலந்து அரைத்தார்களா என்றும் கேட்கலாம். ஈயக் குண்டின் துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளிக்கூடச் சதைக்குள் சிதறியிருக்கும், ஆகவே கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் செப்புக் குண்டால் சுட்டதா என்று கேட்பது நல்லது. இவ்வளவும் சரியென்றால் பள்ளிபாளையம் மாதிரி வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுங்கள். கொழுப்பே இல்லாத கறி, எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும்.

நம்மவர்கள் மானைச் சந்திப்பது பெரும்பாலும் கார் பம்பரில்தான் என்பதால் இன்னொன்று. காரில் அடிபட்டுச் செத்த மானில், அந்தக் காரை ஓட்டி வந்தவருக்கே முதல் உரிமை. அவர் வேண்டாம் என்றால் அடுத்தவர் எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்கு முன் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் டிக்கியில் போட்டுக்கொண்டு வருவது வேண்டாம்.

கேட்டால் சிரிப்பீர்கள், விற்கக் கூடாத இந்தக் கறி ஏழைகளுக்கு மட்டும் முறையாகப் போய்ச் சேர்கிறது. 2000-லிருந்து மாநிலத்தில் மான் தானத் திட்டம் நடக்கிறது. குடல் எடுத்த மானை, திட்டத்தில் சேர்ந்த கடையில் கொண்டுவந்து கொடுத்தால் போதும். மானைக் கொடுத்தவர் வெட்டுக்கூலி தர வேண்டாம்; அரைத்த கறி உணவு வங்கிகளுக்குப் போகும். நோய் உள்ள பகுதி மான் என்றால் சோதனை முடிவு வந்த பிறகே வெளியே போகும்.

போன பருவத்தில் ஒரு ஜெர்மன் வம்சாவளிப் பெரியவர் கொண்டுவந்து இறக்கிய கொம்புமானின் வாயில் பைன் கொத்து ஒன்று செருகியிருந்தது. வெட்டுக்காரப் பையன் அதை எடுத்து எறியப் போனான். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். அது மானுக்கான கடைசிக் கவளம், அவர்கள் பூர்விக ஊர் வழக்கம். நான் சீட்டில் பதிவு எண்ணை எழுதிக் காலில் கட்டினேன். கொத்து அப்படியே இருக்க மான் குளிர் அறைக்குள் போனது.

மான்கறியைப் பேரம் பேசி வாங்கச் சொன்ன வரிகளுக்கு அடுத்த ஞாயிறே திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். பருவம் தொடங்க அதிக நாளில்லை, படித்துவிட்டு யாராவது பணத்தோடு கிளம்பிவிடப் போகிறார்கள். திருத்தம் போடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் போட்டிருப்பது கிண்டிப் பூங்காவில் நிற்கிற புள்ளிமான். அது டெக்சஸில்கூட உண்டு, யாரோ கொண்டுபோய் விட்டது. விஸ்கான்சினில் இருப்பது வெண்வால் மான். அதன் குட்டிக்கு மட்டும் புள்ளி உண்டு, அதுவும் நவம்பருக்குள் உதிர்ந்துவிடும்.

இப்படிக்கு,
கோபி வாசகி,
மவுண்ட் ஹோரெப் அருகே, விஸ்கான்சின்